பதினாலு நிமிஷம்

ஏப்ரல் 22, திங்கள்

டாக்டர் பெனிட்டா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஆக்ஸிஜன் எவ்வளவு, வயிற்றுக் குழாய் வழியாக எத்தனை மில்லி கஞ்சி போனது, எத்தனை முறை சளி எடுத்தேன் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். "நீங்க சத்துணவு அமைப்பாளர்தானே, ரெஜிஸ்டர் எழுதிப் பழக்கம் இருக்கும்ல" என்றார். இருக்கிறது. பதினெட்டு வருஷமாக எத்தனை முட்டை வெந்தது, எத்தனை உடைந்தது என்று எழுதிய கை. புருஷன் விடும் மூச்சை எழுத வேண்டி வரும் என்று யார் கண்டார்கள்.

காலை ஆக்ஸிஜன் 94. கஞ்சி 200. சளி மூன்று முறை.

இவர் தனுஷ்கோடி. அரசு பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டர். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போய்த் திரும்புவதற்குள் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரின் குடும்பக் கதையும் தெரிந்துகொண்டு வருகிற வாய். மூன்று வருஷத்துக்கு முன் டிக்கெட் கிழிக்க விரல் மடங்கவில்லை. பிறகு கை, கால், கழுத்து, கடைசியில் நாக்கு. நரம்பு நோய், மருந்து கிடையாது என்றார்கள். இப்போது இவர் உடம்பில் இவர் சொன்னபடி கேட்பது இரண்டு கண்கள் மட்டும்தான்.

அந்தக் கண்ணுக்காக ஒரு கம்ப்யூட்டர். திரைக்குக் கீழே இருக்கிற கேமரா இவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கவனித்து, அந்த எழுத்தைப் போடும். எழுத்து சொல்லாகும், சொல்லை மெஷின் சத்தமாக வாசிக்கும். பழைய கம்ப்யூட்டர் ரொம்ப மந்தம். 'த'வைப் பார்த்தால் 'த' விழுவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். டிப்போ ஆட்கள் சேர்ந்து புது பிராசசரும் அதோடு சேர்ந்த சாமான்களும் வாங்கிக் கொடுத்தார்கள். இன்று என் தம்பி காளிராஜ் வந்து மாட்டினான். அவன் வயர்மேன். வீட்டு வயரிங்கும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான் என்பது அவன் எண்ணம்.

"பிராசசர்தான்க்கா மூளை. புதுசுக்கு வேகம் ஜாஸ்தி, அதனால சூடும் ஜாஸ்தி. அதுக்கு மேல இந்த அலுமினியக் கட்டி உக்காரும், கட்டிக்கு மேல ஃபேன். நடுவுல கொஞ்சம் பேஸ்ட்டு. கட்டி சூட்டை உறிஞ்சிக்கிரும்" என்றான். சொல்லிக்கொண்டே பரபரவென்று கவர்களைக் கிழிக்க ஆரம்பித்தான்.

"டேய், எல்லாத்தையும் பிரிக்காதடா! ஒத்து வரலைன்னா கடைக்காரன் திருப்பி எடுக்கவே மாட்டான்."

"பிரிக்காம எப்படிக்கா மாட்டுறது?"

"மாட்டுறதுக்கு எவ்வளவு பிரிக்கணுமோ அவ்வளவு பிரி. ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கு எதையும் தொடாதே."

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் ஒன்பது வருஷமாக அப்படியே இருக்கிறது, கதவு இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. இதைச் சொன்னால் காளிராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முனகிக்கொண்டே மாட்டி முடித்தான்.

சாயங்காலம் இவர் முதலில் எழுதியது: "மூக்கு அரிக்குது." அந்த மெஷினில் தமிழுக்குப் பொம்பளைக் குரல் ஒன்றுதான் இருக்கிறது. செய்தி வாசிக்கிறவள் மாதிரி அவ்வளவு மரியாதையாக "மூக்கு அரிக்குது" என்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூக்கைச் சொறிந்துவிட்டேன். இவர் கண்ணும் சிரித்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஆக்ஸிஜன் 94. டிவியில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் இவர், "குதிரைக்கு வேர்க்குமே" என்றார். அடுத்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார், திரை பட்டென்று கருத்துவிட்டது. கம்ப்யூட்டரின் கேபினெட் பெட்டியில் கை வைத்தேன், தோசைக்கல். ஆறவைத்துத் திரும்பப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாலு நிமிஷத்தில் மறுபடி அணைந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆக்ஸிஜன் 92. நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்து இவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நான் ஒளிச்சு மறைச்சுப் பேச மாட்டேன். நெஞ்சுத் தசை தளந்துக்கிட்டே வருது. இன்னும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, ஒருநாள் மூச்சு சுத்தமா முட்டும். அப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா தொண்டையில துளை போட்டு, குழாய் வச்சு, மெஷினோட சேர்த்துருவாங்க. உயிர் இருக்கும். ஆனா அதுக்கப்புறம் அந்த மெஷினை விட்டு இறங்க முடியாது. கொஞ்ச நாள்ல கண்ணும் அசையாமப் போகலாம். வைக்கணுமா, வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். இப்பவே சொல்லணும்."

இவர் கண் இரண்டு முறை மூடித் திறந்தது. எங்கள் வழக்கத்தில் மேலே பார்த்தால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை. ஆனால் ஃபேன் காற்றில் தூசி பறந்துகொண்டிருந்தது, கண்ணில் விழுந்திருக்கும். துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "கண் சாடை மட்டும் போதாதும்மா. அவரே எழுதணும். சாட்சி வச்சு, நோட்டரி முன்னாடி. சட்டம் அப்படி. முன்னாடி நான் குடுத்த, கண்ணால காட்டுற எழுத்து அட்டை இருக்கா?"

"கம்ப்யூட்டர் வந்தப்புறம் எங்கேயோ வச்சேன் டாக்டர். தேடணும்."

"அப்ப கம்ப்யூட்டரைச் சரி பண்ணுங்க. சீக்கிரம்."

அட்டை பரண் மேல் பித்தளை அண்டாவுக்குள் இருக்கிறது. அதை எடுக்க ஏணி வேண்டும். பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 26, வெள்ளி

"குழாய் வேண்டாம். உ" என்று எழுதினார், அணைந்துவிட்டது.

அந்த 'உ' என்னவென்று தெரியவில்லை. பேச்சு முடியவில்லை. பாதிப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனின் உயிர் விஷயத்தில் யாராவது முடிவெடுப்பார்களா? டாக்டருக்கு நான் போன் செய்யவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆக்ஸிஜன் 92. கஞ்சி 180, மீதியை உடம்பு ஏற்கவில்லை.

காளிராஜ் வந்து திரையின் மூலையில் பிராசசரின் சூடு தெரிகிற மாதிரி ஏதோ செய்து கொடுத்தான். போட்டவுடனே 78. இவர் எழுத ஆரம்பித்தால் 85, 91, 96. சூடு ஏற ஏற எழுத்து விழுவதும் மந்தமாகிவிடுகிறது. நூறைத் தொட்டால் அணைந்துவிடும், எழுதியதும் அழிந்துவிடும். பிறகு ஆற முக்கால் மணி நேரம். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சாஃப்ட்வேர்தான் கோளாறு என்றான். பிறகு கரண்டு ஏறி இறங்குகிறது என்றான். இப்போது விருதுநகர் வெயில்மேல் பழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தான். பதினாலு நிமிஷம் பதினாறானது. நானும் இவரும் சீலிங் ஃபேனின் அனல் காற்றில் வேர்த்துக்கொண்டு கிடக்கிறோம். வீட்டில் ராஜ உபசாரம் ஒரு தகரப் பெட்டிக்கு.

ஏப்ரல் 30, செவ்வாய்

"குழாய் வேண்டாம். உன் பே" வரைக்கும். 100. அணைந்தது.

மே 2, வியாழன்

ஜன்னலுக்கு வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தேன். பாத்திரத்தில் ஐஸ் கட்டி வைத்து அதன் மேல் ஃபேன் காற்று போகிற மாதிரி வைத்தேன். அறை ஜில்லென்றுதான் இருந்தது. எனக்கே தூக்கம் வந்தது. மெஷின் மட்டும் 97, 98, 100.

இவர் சளியால் ரொம்பத் திணறினார். ஆறு முறை எடுத்தேன். ஆக்ஸிஜன் 90. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதை நினைத்து நான் என்றைக்கும் அழுததில்லை. இன்று அடுப்படியில் நின்று அழுதேன். இவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைத் திட்டுவேன்?

மே 4, சனி

கத்திரி வெயில் ஆரம்பம். காளிராஜுக்குத் தூத்துக்குடியில் ஒரு மண்டபத்துக்கு வயரிங் வேலை, இரண்டு வாரமாம். போகும்போது சின்ன ஊசி மாதிரி இருந்த பேஸ்ட்டை என் கையில் கொடுத்தான்.

"பேஸ்ட்டு சரியாப் பரவலைன்னு நினைக்கிறேன்க்கா. நாலு ஸ்க்ரூதான். கட்டியைத் தூக்கி, ரெண்டு பக்கமும் துடைச்சு, அரிசி அளவு பேஸ்ட்டை வச்சு, திரும்ப மாட்டிரு. குக்கர் கேஸ்கட் மாத்தறவளுக்கு இது ஒரு வேலையா?"

"எதாவது உடைஞ்சா?"

"உடைஞ்சா உடையுது. இப்ப மட்டும் என்ன வாழுது?" என்றான். அதுவும் சரிதான்.

மே 6, திங்கள்

காலை ஆக்ஸிஜன் 91. கஞ்சி 180. சளி ஐந்து முறை.

பதினோரு மணிக்கு இவர் நாற்காலிக்கு முன்னாலேயே தரையில் பேப்பர் விரித்து, கேபினெட்டைப் படுக்கவைத்துத் திறந்தேன். இவர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். கட்டி லேசில் வரவில்லை, திருகித் தூக்கினேன்.

அதன் அடியில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பேஸ்ட் முழுக்க அந்தத் தாளின் மேல்தான். துடைத்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் இங்கிலீஷ். மாட்டுவதற்கு முன் இதை உரிக்கவும் என்று போட்டிருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும்.

நான்தான் அன்றைக்கு அவனைத் தொடாதே என்றேன்.

ஓரத்தில் நகம் வைத்தேன். அதற்குள் இவருக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தே ஆக வேண்டும், தள்ளிப் போட முடியாது. அதனால் அப்போதைக்குப் புது பேஸ்ட்டை அந்தத் தாளின் மேலேயே வைத்து மாட்டிவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மே 7, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. எதையும் கழற்றி மாட்டுகிற நாள் இல்லை.

"குழாய் வேண்டாம். உன் பேரை" வரைக்கும் எழுதினார். காளிராஜ் போனில் கேட்டான். "பேஸ்ட்டு வச்சாச்சு. அப்படியேதான்டா இருக்கு" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை.

மே 8, புதன்

அமாவாசை. ஆக்ஸிஜன் 90.

மே 9, வியாழன்

அமாவாசைக்கு மறுநாள். பிரதமை ஆகாது.

இவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் கல்யாணத்தின்போது ராகு காலத்தில் பெண் பார்க்க வந்தவர். "பஸ்ஸு ராகு காலம் பார்த்தா எடுக்கிறான்?" என்பார். எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

மே 10, வெள்ளி

வெள்ளிக்கிழமையில் வீட்டிலிருந்து எதையும் கழித்து வெளியே போடக் கூடாது. தாளை உரித்தால் போட வேண்டியிருக்கும்.

டாக்டர் போன் செய்தார். "கம்ப்யூட்டர் என்னாச்சும்மா? எனக்குப் பயமா இருக்கு. நாள் போய்க்கிட்டே இருக்கு."

"தம்பி ஊர்ல இல்ல டாக்டர். அவன் வந்ததும் பார்த்துருவோம்."

"அட்டை கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்த் துணி காயப் போட்டேன்.

மே 12, ஞாயிறு

ஆக்ஸிஜன் 89. கஞ்சி 150. சளி ஏழு முறை.

இவர் எழுத்தைச் சுருக்க ஆரம்பித்துவிட்டார். மெஷினை முந்தப் பார்க்கிறார். இன்று "குழ வேண. உன பேர எழ" என்று புள்ளியும் துணைக்காலும் இல்லாமல் மொட்டையாக எழுதினார். மெஷின்காரி அதைக் கொன்னையாக வாசித்தாள். கண் ரத்தச் சிவப்பு. ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு அப்படி ஓடியது. கிளம்புகிற பஸ்ஸின் பின்னால் ஓடுகிற ஆள் மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்க அப்படி ஓடி வருகிறவர்களுக்காக விசில் கொடுத்து வண்டியை நிறுத்தியவர் இவர்.

நூறு. அணைந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டேன்.

மே 14, செவ்வாய்

கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுதினார், நிதானமாக, எல்லாப் புள்ளியும் வைத்து: "இந்திராணி."

மெஷின் என் பேரை வாசித்தது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இவர் என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஏழெட்டு முறை இருக்கும். எல்லாம் கோபத்தில்.

"சொல்லுங்க" என்றேன்.

இவர் அதற்கு மேல் எழுதவில்லை. மூலையில் 84 என்றுதான் இருந்தது. இன்னும் ஒன்பது, பத்து நிமிஷம் பாக்கி. திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எழுதுங்க, அணைஞ்சிரும்" என்றேன். என்னைத்தான் பார்த்தார். இருந்த இடத்திலேயே நானும் உட்கார்ந்திருந்தேன். அதுவாக நூறுக்குப் போய் அணைகிறவரைக்கும் இவர் கண்ணை எடுக்கவில்லை.

கஞ்சி எவ்வளவு கொடுத்தேன் என்று இன்று எழுதி வைக்க மறந்துவிட்டேன்.

மே 15, புதன்

அஷ்டமி.

மே 16, வியாழன்

நவமி. எவன் கேட்டான் நவமியை.

காலையிலிருந்து மழை. கோடையில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஜன்னல் வழியாக ஊதல் காற்று. அப்படியும் மெஷின் பதினாலு நிமிஷத்தில் அணைந்தது. காளிராஜிடம் போனில் சொன்னேன்.

"மழை பெஞ்சும் அணையுதா? அப்ப வெயில் இல்லக்கா. கட்டிக்கும் பிராசசருக்கும் நடுவுல என்னமோ இருக்கு. நீ கழட்டுனப்ப எதுவும் பார்க்கலையா?"

"ஒண்ணும் இல்லடா."

போனை வைத்தேன். சொந்தத் தம்பியிடம் முழுப் பொய். எழுதத்தானே சொன்னார்கள், எழுதுகிறேன்: பத்து நாளாக எனக்குத் தெரியும். மெஷின் ஆறினால் இவர் பேச்சை முடித்துவிடுவார். முடித்துவிட்டால் நான் கேட்க வேண்டும். அதனால்தான் உரிக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

வாய் செத்த மனுஷனின் வாயை நான் பொத்தி வைத்திருந்தேன். இதை வேறு எப்படி எழுதுவது?

மத்தியானம் ஆக்ஸிஜன் 86க்கு இறங்கி, டாக்டர் கொடுத்திருந்த, காற்றைத் தள்ளும் முகமூடி மெஷினைப் போட்டபின் 90க்கு ஏறியது. இவர் கொஞ்சம் தெளிந்ததும் பேப்பர் விரித்தேன். கட்டியைக் கழற்றி, ஓரத்தில் நகம் வைத்து இழுத்தேன். சர்ரென்று ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. துடைத்து, பேஸ்ட் வைத்து, மாட்டிப் போட்டேன்.

41 டிகிரி.

அரை மணி நேரம் ஓடியது. 47க்கு மேல் ஏறவில்லை. இவர் ஒன்றும் எழுதவில்லை, அசதியில் தூங்கிப்போனார். டாக்டருக்குப் போன் செய்து, "சரியாயிருச்சு. நாளைக்கு வாங்க" என்றேன்.

மே 17, வெள்ளி

ஆக்ஸிஜன் 89. கஞ்சி 150.

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். கூடவே நோட்டரி வக்கீல் ஒருவர். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் சம்சாரமும். காளிராஜும் தூத்துக்குடியிலிருந்து ஓடி வந்துவிட்டான். டாக்டர் கேள்வியை மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்று முறையும் இவர் ஒன்றைத்தான் எழுதினார்: "குழாய் வேண்டாம்."

"மூச்சு முட்டும்போது பயம் வரும், அண்ணாச்சி. அப்ப மனசு மாறினா?"

"பயம் வரும். மனசு மாறாது."

மெஷின்காரி இதையும் செய்தி மாதிரியே வாசித்தாள். வாத்தியார் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வக்கீல் சொன்னார்: "உங்களால சொல்ல முடியாத நிலை வந்தா, உங்க சார்பில ஒருத்தர் இதை ஆஸ்பத்திரியில சொல்லணும். யார் பேரை எழுதட்டும்?"

இவர் எழுதினார். அன்றைக்கு 'உ'வோடு நின்றது இன்று முழுசாக வந்தது. "உன் பேரை எழுதச் சொல்."

"என்னையா? நானா வந்து வேண்டாம்னு சொல்லணும்? காளிராஜ் பேரை எழுதுங்க. ஆம்பளை, தைரியமாச் சொல்லுவான்."

"காளி பயந்துருவான். போனைப் போட்ருவான்."

காளிராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வக்கீல் என் பக்கம் பேப்பரை நீட்டி, "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

"சம்மதம் இல்ல. கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டினார். போட்டேன். சத்துணவு ரெஜிஸ்டரில் போடுகிற அதே கையெழுத்து.

எல்லோரும் போனபின் இவருக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, 45. இவர் எழுத ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் எழுதினார்.

"ஆறாந்தேதியே பார்த்தேன்."

"எதை?"

"பிளாஸ்டிக்."

"தூங்கிட்டு இருந்தீங்களே" என்றேன்.

"கண்டக்டர் தூங்குவானா."

சிரிக்கிற பேச்சுதான். எனக்கு வந்தது அழுகை. "பார்த்தீங்கன்னா ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்ல. அதுக்குள்ள அணைஞ்சிருமே."

தரையில் உட்கார்ந்து இவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தக் கால் என்னைத் தள்ளவும் முடியாது, அணைக்கவும் முடியாது. "என்னை மன்னிச்சிருங்க. வேணும்னேதான் செஞ்சேன்" என்றேன்.

மேலேயிருந்து மெஷின்காரியின் குரல் வந்தது.

"தெரியும். பத்து நாள் உனக்கு விட்டுக் கொடுத்தேன். இனிமே முடியாது இந்திரா."

மே 21, செவ்வாய்

ஆக்ஸிஜன் 87. கஞ்சி 120. மெஷின் 44. இன்று ஒரு மணி நேரம் பேசினார். பாதி நேரம் ரசத்தைப் பற்றி. வாசனையாவது பிடிக்கட்டும் என்று கொண்டுவந்து காட்டினேன். "பெருங்காயம் கம்மி" என்றார். ஒரு வருஷமாக ரசம் குடிக்காதவர்.

மே 25, சனி

ஆக்ஸிஜன் 86. முகமூடியைக் கழற்றினால் பத்து நிமிஷம்தான் தாங்குகிறது. டாக்டர் வந்து, மூச்சு முட்டும்போது நாக்குக்கு அடியில் விட ஒரு மருந்து கொடுத்தார். எத்தனை சொட்டு என்று பாட்டிலில் எழுதி ஒட்டினார். "இது மூச்சைக் கொண்டுவராதும்மா. அந்தத் தவிப்பைக் குறைக்கும். அவ்வளவுதான்."

மே 30, வியாழன்

கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது. கேமரா தேடித் தேடிப் பார்த்து விட்டுவிடுகிறது. இன்று ஒரே ஒரு சொல்: "போதும்." கஞ்சியைத்தான் சொன்னார். நிறுத்தினேன்.

மெஷின் 40. இப்போது எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓடும்.

ஜூன் 2, ஞாயிறு

ஆக்ஸிஜன் 82. எழுதவில்லை. காளிராஜ் எங்களோடு வந்து இருக்கிறான்.

ஜூன் 4, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு முகமூடியோடே மூச்சு முட்ட ஆரம்பித்தது. உதடு நீலம். கழுத்து நரம்பெல்லாம் இழுத்தது. மருந்தை நாக்குக்கு அடியில் விட்டேன், டாக்டர் சொன்ன அளவு. காளிராஜ் கத்தினான். "எக்கா, ஆம்புலன்ஸுக்குப் போடு! போனைப் போடுக்கா, பத்து நிமிஷத்துல வந்துருவான்! ஏன்க்கா நிக்கிற?"

போன் என் கையில்தான் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் நம்பரை அமுக்கியும் இருந்தேன். கடைசிப் பச்சைப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. இவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணில் பயம் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன், அவ்வளவு பயம் இருந்தது. நான், "போடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

கண் இரண்டு முறை மூடித் திறந்தது. இந்தத் தடவை தூசி எதுவும் இல்லை.

காளிராஜ் போனைப் பிடுங்க வந்தான். கொடுக்கவில்லை. ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு இவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "நான் இருக்கேங்க, நான் இருக்கேங்க" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆறு நாற்பதுக்கு நின்றது.

"கொன்னுட்டியேக்கா" என்றான் காளிராஜ். பிறகு என் காலடியிலேயே உட்கார்ந்து அழுதான்.

டாக்டருக்கு அதன் பிறகுதான் போன் செய்தேன். நன்றாகச் செய்தீர்கள், அவர் கேட்டதைக் கொடுத்தீர்கள் என்றார். இருக்கலாம். இவர் சொன்னதைச் செய்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.